மஞ்சள் தண்ணீர் படாத கார்

சாட்சிகளே, சற்று முன்னால் வந்து நில்லுங்கள். கார்க் கதவை இனிமேல்தான் திறக்கப் போகிறேன்.

மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அக்கா பொத்தவில்லை. அவள் அருகில் நின்றபடியால் நானும் பொத்தவில்லை. வாசிக்க வந்த நீங்களும் அவளுக்கு அந்த மரியாதையைச் செய்ய வேண்டும்.

மாசி மாத வெயில். துறைமுக வீதியிலிருந்து பிரிந்து வரும் எங்கள் ஒழுங்கையில், வேப்பமரத்தின் கீழே, உழவு இயந்திரம் ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்து விட்டுப்போன சாம்பல் நிற மொறிஸ் கார் நின்றது. ஒரு சில்லிலும் காற்றில்லை. முன்கதவுக் கண்ணாடி ஒன்று பாதி இறங்கிய நிலையில் இறுகிப்போயிருந்தது. மாரிமழை முழுவதும் அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்க வேண்டும். பின்கதவின் பிடி துருவேறிக் கிடந்தது. காலை முண்டுகொடுத்து இழுத்தேன். திறந்தது.

முதலில் ஊறிய தும்பின் நாற்றம் வந்தது. தேங்காய்ப் பொச்சுமட்டை அழுகும் குழிகளின் ஓரமாக நடந்தவர்களுக்கு அது தெரியும். அதற்குப் பின்னால் பூஞ்சணத்தின் வாடை. மழை ஒழுகிய வீட்டில் பூட்டிக்கிடந்த அலுமாரியின் வாடை. இவை இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்தது போன்ற ஒன்று. அதற்கு நான் பெயர் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

கூரையின் உட்துணி முழுவதும் கறுப்புப் புள்ளிகள். தரையில் போட்டிருந்த பாயில் வெள்ளையாகப் பூஞ்சணம் மயிர்விட்டிருந்தது. பின்சீற்றின் இடதுபக்கம், அக்கா தன் கையால் தைத்துப் போட்ட பால்நிற உறையில், ஒரு பெரிய கறை. நடுவில் தடித்துக் கறுத்து, ஓரங்களில் கபில நிறமாக மங்கியிருந்தது.

அக்கா நெடுநேரம் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"அவர் வந்து இந்தக் கோலத்தைக் கண்டாரெண்டால், என்னோடை ஒரு கிழமைக்குக் கதைக்க மாட்டார்" என்றாள்.

ஒரு வாசகருக்கு மறுமொழி

சென்ற இதழைப் படித்த அன்பர் ஒருவர், இன்னும் முப்பதைத் தொடாதவனுக்கு நினைவுக் குறிப்புகள் எதற்கு என்று கேட்டிருக்கிறார். நியாயமான வினா. மேடைகளில் இதைவிடக் கூரிய வினாக்களை நின்று எதிர்கொண்டவன் என்பதால் கோபம் வரவில்லை.

நான் என் பாடசாலை விவாத அணியின் தலைவனாக இருந்தவன். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. நகரமண்டபத்தில் நான் எழுந்தால் பின்வரிசையில் கச்சான் கொறிப்பவர்கள் கையை நிறுத்துவார்கள். குரலை எங்கே உயர்த்துவது, எங்கே தாழ்த்துவது, எதிரணியின் சொல்லை எடுத்து எதிரணியின் மேலேயே எப்படி வைப்பது என்பதெல்லாம் எனக்கு நீச்சலைப் போல உடம்பில் ஊறியிருந்தன.

நான் வென்ற கடைசி விவாதத்தின் பொருள் இது: உண்மையை நிலைநாட்டுவதில் வலிமை மிக்கது சாட்சியா, தடயமா? நான் தடயத்தின் பக்கம். "சாட்சிக்குப் பசி உண்டு, பயம் உண்டு, பிள்ளைகள் உண்டு. தடயத்துக்கு எதுவும் இல்லை. ஆகையால் அது பொய் சொல்லாது" என்று முடித்தபோது மண்டபம் எழுந்து கைதட்டியது. முன்வரிசையில் அத்தான் இருந்தார். அவர் மட்டும் கைதட்டவில்லை. இரண்டு விரல்களை வாயில் வைத்துச் சீழ்க்கை அடித்தார். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

அந்த அத்தானின் கார்தான் வேப்பமரத்தின் கீழே நின்றது. அன்பருக்கு என் மறுமொழி இவ்வளவே.

காருக்குள் மீன் ஏறாது

அத்தானின் பெயர் குணநாயகம். சந்தைக்குப் பக்கத்துத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தி வாடகைக்கு ஹயர் ஓடுபவர். எங்கள் தாய் தகப்பன் காலமான பின்னர் அக்காவோடு என்னையும் சேர்த்து ஏற்றுக்கொண்டவர். பிள்ளை இல்லாத வீட்டில் காருக்கும் எனக்கும் கண்டிப்பு ஒரே அளவில் கிடைத்தது.

துறைமுகத்து ஊரில் மீன் மணக்காத வாகனம் உண்டா? ஒன்று இருந்தது. அத்தானின் கார். கருவாடு, நெத்தலி, மாசித்துண்டு எதுவானாலும் ஏற விடமாட்டார். முன்கண்ணாடியின் கீழுள்ள சட்டப்பலகையின் மேல் எந்நாளும் தோடம்பழத் தோல் காய்ந்துகொண்டிருக்கும். பின்சீற் ஹயருக்கு, முன்சீற் அக்காவுக்கு. அக்கா வராத நாட்களில் முன்சீற் வெறுமையாகவே போகும்.

உப்புவெளியில் ஒரு சம்மாட்டி இருந்தார். வலையும் வள்ளங்களும் சொந்தமாக உள்ளவர், பெரிய மனிதர். மகளின் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு முழுப் பாரை மீனோடு புறப்பட்டு வந்து காரில் ஏறப் பார்த்தார். அத்தான் கதவை மறித்தார்.

"இப்ப பிடிச்ச மீன் தம்பி, நாறாது."

"மீனுக்கு நாறாது அண்ணை. எனக்கு நாறும்."

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. சம்மாட்டி உள்ளே, மீன் வெளியே. வேட்டி சால்வையோடு அந்தப் பெரிய மனிதர், யன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பாரை மீனை வாலில் பிடித்துக்கொண்டே ஊர் வழியாகப் போனார். காகங்கள் பின்னால் பறந்தன. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றவர்கள் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பல மாதம் சிரித்தார்கள். சம்மாட்டி பிறகும் அத்தானின் காரையே கூப்பிட்டார். சேட்டில் மீன்வாடை ஒட்டாமல் இறங்கிய ஒரே பயணம் அது என்று அவரே சொன்னாராம்.

ஐப்பசியில் ஒருநாள் காலை அத்தான் திரியாய்க்கு ஹயர் போனார். காரில் போனவர்கள் திரியாயில் இறங்கினார்கள். அவர்களை நான் நேரில் கண்டு கேட்டேன். தேநீர் குடிக்கச் சொன்னார்களாம். மழை இருட்டுகிறது என்று சொல்லி அவர் உடனே திரும்பினாராம். திரியாய்க்கும் நகரத்துக்கும் நடுவே எத்தனையோ சோதனைச் சாவடிகள். ஒன்றில்கூட இருந்தவர்கள் அப்படி ஒரு காரைக் கண்டதாகச் சொல்லவில்லை.

மழை வந்தது. மழை போனது. தையும் போனபின், வீதியோரத்தில் கைவிடப்பட்ட கார் ஒன்று பொலிஸ் வளவில் நிற்கிறது, உரியவர்கள் வந்து எடுத்துப் போகலாம் என்று செய்தி வந்தது. எந்த வீதி, யார் கண்டது, எப்போது என்று கேட்டேன். வளவைக் கையால் காட்டினார்கள்.

நான் பேசாமல் விட்ட வாக்கியம்

அக்கா வாளியோடு வந்தபோது நான் குறுக்கே நின்றேன். காணாமற்போனோரின் உறவினரை விசாரிக்க ஒரு குழு ஊருக்கு வரப்போகிறது என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் முறைப்பாடும் அவர்களிடம் இருந்தது. என் கையில் சொல் இருந்தது. இப்போது, அந்தச் சொல்லைத் தாங்கிப் பிடிக்கும் பொருளும் கிடைத்திருந்தது. மேடையில் நிற்பவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

"அக்கா, இதைக் கழுவ வேண்டாம். குழு வந்து பாக்குமட்டும் அப்பிடியே கிடக்கட்டும். இது தடயம்" என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எதுக்குத் தடயம், தம்பி?"

நான் வாயைத் திறந்தேன்.

எதிரணியின் ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்ற அனுபவம் எனக்கு அதுவரை கிடையாது. அப்போதும் பதில் இல்லாமல் நிற்கவில்லை. பதில் இருந்தது. அது முழுமையானது, மறுக்க முடியாதது. அதைச் சொல்லியிருந்தால் அந்த விவாதத்தை அந்த இடத்திலேயே வென்றிருப்பேன். ஆனால் அந்த வாக்கியத்தின் எழுவாய் அத்தான். பயனிலையை நான் அக்காவின் முகத்துக்கு நேரே உச்சரிக்க வேண்டும். உச்சரித்த கணத்திலிருந்து அவள் என் அக்காவாக மட்டும் இருப்பாள். யாருடைய மனைவியாகவும் இருக்கமாட்டாள்.

"சொல்லு" என்றாள். "உன்ரை வாயாலை சொல்லிப்போட்டு நீயே வாளியை எடுத்துக்கொண்டு போ. நான் தொடமாட்டன்."

குனிந்து வாளியை எடுத்தேன். கிணற்றடிக்குப் போய் நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அப்பச்சோடா, வினாகிரி, வெயில்

கார் கழுவுதல் என்று சொன்னால் எளிதாக இருக்கிறது. மாரியைக் குடித்த காரைக் கழுவிப் பாருங்கள்.

சீற்றுகளைக் கழற்றி வெளியே எடுத்து, குசினிக் கதிரைகளின் மேல் வெயிலில் வைத்தோம். தரைப்பாயை வேலியில் போட்டோம். ஈரத்தோடு தேய்த்தால் பூஞ்சணம் துணிக்குள் இறங்கிவிடும் என்று அக்கா சொன்னாள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு காய்ந்த தூரிகையால் முதலில் தட்டி எடுத்தோம். பிறகு வினாகிரியில் நனைத்த துணியால் கூரையைத் துடைத்தோம். அண்ணாந்து துடைத்ததில் வினாகிரி என் கண்ணுக்குள் சொட்டியது. அந்தக் கண்ணீருக்கு ஒரு காரணம் கிடைத்ததில் எனக்கு நிம்மதி.

கறையை அவள் என்னிடம் விடவில்லை. பச்சைத் தண்ணீரில் உப்பைக் கரைத்து உறையை ஊறப்போட்டாள். சுடுதண்ணீர் விட்டால் கறை பிடித்துக்கொள்ளும் என்பது வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்தது. எந்தக் கறைக்கு அப்படி என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே அவள் என்ன கழுவுகிறாள் என்பது அவள் கைகளுக்குத் தெரிந்திருந்தது. வாய் மட்டும், "சேறு, சேறு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. தண்ணீர் கபிலமானது. ஊற்றினாள். மறுபடி ஊறப்போட்டாள். அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி, தேசிக்காய்ப் பாதியால் தேய்த்து, வெயிலில் விரித்தாள். நாளுக்கு நாள் அது மங்கியது.

வாடை மங்கவில்லை. ஒழுங்கையால் போனவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சாம்பிராணி போடு, ஒரே புகையில் போய்விடும் என்று அநேகமாக எல்லோரும் சொன்னார்கள். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அவர்கள் போனதும் என்னிடம் சொன்னாள்:

"உது செத்தவீட்டுச் சாமான். சாம்பிராணியும் வேண்டாம், மஞ்சள் தண்ணியும் வேண்டாம். மற்ற எதுவெண்டாலும் கொண்டு வா."

எங்கள் ஊர் வழக்கத்தை அறியாதவர்களுக்கு ஒரு சொல். சாவு நடந்த வீட்டைத் துடக்குக் கழிக்கும் நாளில் கழுவி, புகை காட்டி, மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது தெளித்தபின் அந்த வீட்டில் இறந்தவர் இறந்தவராகிவிடுவார். அதுவரை பாதி வீட்டுக்காரர்.

ஆகவே சிரட்டைக்கரியைச் சாக்கில் கட்டி உள்ளே வைத்தோம். தேயிலைத் தூளைத் தட்டுகளில் பரப்பினோம். வேப்பிலை, தேசித்தோல், மறுபடியும் கரி. கதவுகளைக் காலையில் திறந்து, பனி விழ முதல் மூடினோம்.

கடைசியில் வாடையின் ஊற்று எங்கே என்று கண்டோம். சீற்றுக்குள் அடைத்திருந்த தும்பு. கறை றெக்சினின் வெடிப்புகளால் இறங்கித் தும்பிலே கட்டிபட்டிருந்தது. எடுத்து வேறு தும்பு அடைத்தால் முடிந்தது. நான் அதைப் பிடுங்கி ஒரு குவியலாக வைத்துவிட்டு நெருப்புப் பெட்டியை எடுத்தேன்.

"எரிக்காதை" என்றாள்.

அவள் குரல் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. நெருப்புப் பெட்டியை வைத்துவிட்டேன். சரி, கடலில் போட்டுவிடுகிறேன் என்றேன். எங்களுக்குக் கடல் எட்டிப்பிடிக்கும் தூரம். அவள் தலையை ஆட்டினாள். கடலில் நாங்கள் எதைக் கரைப்போம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண்வெட்டியை நினைத்தேன், நினைத்ததைச் சொல்லக்கூட இல்லை.

ஒரு பிடி அழுகிய தும்பைத் தொலைக்க மனிதருக்கு நெருப்பு உண்டு, நீர் உண்டு, மண் உண்டு. மூன்றும் எங்களுக்கு அடைபட்டிருந்தன.

அக்கா அந்தத் தும்பைக் கழுவினாள். பிள்ளைக்குத் தலைமுழுக வார்ப்பதுபோல விரல்களால் கோதிக் கோதிக் கழுவினாள். வெயிலில் உலர்த்தி, உதறி, பழையபடி சீற்றுக்குள் அடைத்துத் தைத்தாள். ஆகவே அந்த மூன்றாவது வாடை போகவில்லை. வெளியிலிருந்து முகர்ந்தால் தெரியாது; சீற்றில் முகத்தைப் புதைத்தால் தெரியும்.

பாக்கியம் மாமியின் செம்பு

பாக்கியம் மாமி அடுத்த வளவு. நெஞ்சில் வஞ்சகம் இல்லாதவர். வேலிக்கு மேலால் எதையும் சொல்லிவிடுவார். கார் ஒருவாறு வெளுத்து, உறையும் போட்டு, கதவு திறந்து நின்ற ஒரு காலையில், அவர் தலைமுழுகி, ஈரக் கொண்டையோடு, செம்பும் மாவிலையுமாக எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். எங்கோ கண்ட இடத்தில் கிடந்த வாகனம், கண்டவர்கள் தொட்டது, ஒரு துளி தெளித்துவிட்டால் மனதுக்கு ஆறுதல் என்று அவர் எண்ணினார். அவர் செய்தது எங்கள் ஊரில் எந்த நல்ல மனிசியும் செய்யக்கூடியதுதான்.

நான் கிணற்றடியில் நின்றேன். அக்கா குசினியிலிருந்து கண்டு ஓடி வருவதற்குள் மாமி மாவிலையை உதறிவிட்டார். பால்நிற உறையில் மஞ்சள் துளிகள் சிதறின.

"மாமி, ஆர் செத்தது?" என்று கேட்டாள் அக்கா.

மாமி திகைத்துப் போனார். "என்ன பிள்ளை கதைக்கிறாய்? நான் நன்மைக்கு..."

"ஆர் செத்தது எண்டு கேக்கிறன். எங்கடை வீட்டிலை ஒருத்தரும் சாகேல்லை. உங்கடை வீட்டிலை ஆரும் செத்தவையெண்டால் அங்கை தெளியுங்கோ."

செம்பைப் பறித்து, மிச்சத் தண்ணீரைத் தென்னையடியில் ஊற்றி, வெறும் செம்பை மாமியின் கையில் கொடுத்தாள். மாமி அழுதுகொண்டே படலையைச் சாத்தினார்.

அக்கா சவர்க்காரக் கட்டியை எடுத்து வந்து, மஞ்சள் துளிகளை வெறிகொண்டு தேய்த்தாள். தேய்த்த இடங்கள் சிவந்தன. மஞ்சளும் சவர்க்காரமும் சேர்ந்தால் சிவக்கும் என்பது எனக்குத் தெரியும், விஞ்ஞானபாடத்தில் சித்தியடைந்தவன். ஆனாலும் அந்தச் சீற்றில், அதே இடதுபக்கத்தில், துளித்துளியாக, ஈரமாக, புதிதாகச் சிவப்பு எழும்பியதைக் கண்டபோது கார்க்கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா தேய்ப்பதை நிறுத்தினாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த பயம் இல்லை. அந்தச் சிவப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஆலாத்தித் தண்ணியின்ரை நிறம்" என்றாள்.

தூரத்திலிருந்து வந்தவர்களை வாசலில் நிறுத்தி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவந்த தண்ணீரைச் சுற்றி ஆலாத்தி எடுத்துத்தான் உள்ளே அழைப்போம். அவள் அதைத்தான் கண்டாள். அவர் வரப்போகிறார் என்று கார் சொன்னதாகக் கண்டாள். ஒரே துளியில் அவள் வரவைக் கண்டாள், நான் கண்டது வேறு. அன்று மாலை அவள் பசியோடு சாப்பிட்டதையும் நான் எழுத வேண்டும். பல மாதங்களுக்குப் பின் ஒரே நேரத்தில் மறுசோறு போட்டுக்கொண்டாள். எனக்கு இறங்கவில்லை.

வெயில் யாருக்கும் பக்கம் சாராது. சில நாட்களில் அந்தச் சிவப்பும் மஞ்சளும் வெளுத்துப் போயின. உறை பழைய பால்நிறத்துக்கு வந்தது.

வாசலில் ஒரு கேள்வி

குழுவின் விசாரணை அதிகாரி காரைப் பார்க்க வீட்டுக்கே வந்தார். கடுமையான மனிதர் அல்லர். களைத்த மனிதர். எங்கள் ஒழுங்கைக்கு வருமுன் எத்தனை வீடுகளில் அழுகை கேட்டாரோ. அவருக்குத் தமிழ் தெரியாது. நரைத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் குடையோடு கூட வந்திருந்தார்.

அதிகாரி பின்கதவைத் திறந்தார். இப்போது இலகுவாகத் திறந்தது. பிடிக்கு நான் எண்ணெய் விட்டிருந்தேன். உள்ளே குனிந்து மூச்சை இழுத்தார். சட்டப்பலகையில் அக்கா புதிதாக வைத்த தோடம்பழத் தோல் மணத்தது. கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பால்நிற உறையை உள்ளங்கையால் தடவினார். ஏதோ சொன்னார்.

"வாகனத்தை நல்லா வைச்சிருக்கிறியளாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"அவருக்கு ஊத்தை பிடிக்காது" என்றாள் அக்கா. அவள் முகம் மலர்ந்தது. பாராட்டை அத்தானுக்காக ஏற்றுக்கொண்டாள்.

வாகனம் உரியவரிடம் சேதமின்றிச் சேர்ந்தது என்று குறித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். காரைக் காணவில்லை என்பது எங்கள் முறைப்பாட்டில் பாதி. அந்தப் பாதி தீர்ந்தது.

என் கையில் இன்னும் ஒரு தடயம் இருந்தது. உறைக்குக் கீழே, றெக்சினுக்குக் கீழே, அக்கா தைத்த நூலை ஒரு கத்தியால் கீறினால் வெளியே வரும். நகரமண்டபம் எழுந்து நின்று கைதட்டிய என் வாதம் முழுவதும் அந்தத் தும்புக்குள் அடைபட்டுக் கிடந்தது.

அவர்கள் புறப்பட்டபோது நான் வாசல்வரை போனேன். அக்காவுக்குக் கேட்காத தூரத்தில் மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன்:

"ஐயா, ஒண்டு கேட்டுச் சொல்லுங்கோ. அந்தச் சீற்றிலை இரத்தம் இருந்ததெண்டு வைச்சால், என்ன செய்வினம்?"

அவர் கேட்டார். அதிகாரி என்னை உற்றுப் பார்த்தார்; பிறகு எனக்குப் பின்னால், காருக்குப் பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தார். மெதுவாகப் பதில் சொன்னார்.

"அப்பிடியெண்டால் இறந்தவர் எண்டு பதியலாமாம். மரணச் சான்றிதழ் கெதியாக் கிடைக்குமாம்."

"ஆர் செய்தது எண்டு தேடுவினமோ?"

மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை. குடையை விரித்தார். மழையும் இல்லை, அவ்வளவு வெயிலும் இல்லை.

"தம்பி," என்றார், "நீங்கள் அதைக் கேக்கேல்லை, நான் கேள்விப்படேல்லை. படிச்ச பிள்ளை. அக்காவைப் பாத்துக்கொள்ளுங்கோ."

சாட்சிகளே, தடயம் பொய் சொல்லாது என்று நான் மேடையில் முழங்கினேன். இன்றும் அதை மறுக்கவில்லை. ஆனால் அது யாரிடம் போய் எதைச் சொல்லும் என்பதை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. அந்தத் தும்பை வெளியே எடுத்திருந்தால் அது ஒரு கொலைகாரனையும் நோக்கிக் கைநீட்டியிராது. ஒரே ஒருத்தியை நோக்கித்தான் நீட்டியிருக்கும். அவள் அப்போது கார்க்கண்ணாடியில் அதிகாரியின் விரலடையாளத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முன்சீற்

திரும்பி வந்தபோது அக்கா முன்சீற்றில் ஏறி அமர்ந்திருந்தாள். சாரதியின் இருக்கை வெறுமையாக இருந்தது. நான் பின்கதவைத் திறக்கவில்லை. அவள் பக்கத்துக் கதவோடு சாய்ந்து நின்றேன்.

துறைமுகத்தில் எங்கோ ஒரு கப்பல் ஊதியது. அந்த நாட்களில் கப்பல்கள் எங்களுக்காக எதையும் கொண்டு வருவதில்லை. ஆனாலும் அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"வாசலிலை என்ன கேட்டனீ?"

"ஒண்டுமில்லை."

"நீ ஒண்டுமில்லாமல் கதைக்கிற ஆள் இல்லை."

தோடம்பழத் தோலை எடுத்து மறுபக்கம் புரட்டி வைத்தாள். பிறகு, என்னைப் பாராமலே கேட்டாள்:

"தம்பி, அவர் வருவார் எண்டு நீ நம்பிறியோ?"

ஓம் என்று சொல்ல ஏலாது. அது பொய், நான் பொய்யை மேடையில்கூடச் சொன்னதில்லை. இல்லை என்று சொல்லவும் ஏலாது. இரண்டு பக்கமும் பேசப் பயின்றவனுக்கு நிற்க ஒரு பக்கமும் இல்லாத இடம் அது. வேப்பம்பூ காரின் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள். நெடுநேரம் காத்திருப்பதில் அவளை வெல்ல எங்கள் ஊரில் யாரும் இருக்கவில்லை.

அப்போது என் வாயில் ஒன்று வந்தது. நம்பிக்கை அல்ல. கொடுக்க என்னிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதை முணுமுணுத்தேன்.

"கேக்கேல்லை" என்றாள். "மேடையிலை கதைக்கிற மாதிரிச் சொல்லு. வேலிக்கு அங்காலையும் கேக்கட்டும்."

வேலிக்கு அப்பால் பாக்கியம் மாமி முற்றம் கூட்டும் விளக்குமாற்றின் ஓசை நின்றது.

நான் நிமிர்ந்து நின்றேன். கைகளை எங்கே வைப்பது என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரியவில்லை. ஒன்றைக் காரின் கூரையில் வைத்தேன். நகரமண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரலில், அக்காவுக்கும் மாமிக்கும் ஒழுங்கைக்கும் சொன்னேன்:

"நீங்களாச் சொல்லாமல், அக்கா, இந்தக் காரிலை ஒரு துளி மஞ்சள் தண்ணி படாது. நான் உயிரோடை இருக்குமட்டும் ஆரையும் தெளிக்க விடமாட்டன்."